ஐஸ் பெட்டியில் ஒரு கடல்காக்கை

அந்த மார்கழிக் காலையில் என் வீட்டுக்காரர் மீனுக்குப் பதிலாக ஒரு கடல்காக்கையைக் கொண்டுவந்து மணலில் வைத்தார். நெட்டுக்குப்பம் முகத்துவாரத்தில், யாரோ அறுத்து எறிந்த தங்கூசி வலைத் துண்டில் சிக்கி மிதந்ததாம். தங்கூசி என்றால் நைலான் நரம்பு. தண்ணீரில் அது மீனின் கண்ணுக்கே தெரியாது, பறவைக்கு எங்கே தெரியும்?

"இன்னாய்யா இது? மீன் எங்க?" என்றேன்.

"மீன் கெடக்கு, வுடுமே. இதுங்க எறங்குற எடம் பாத்துதான தெனம் வலை வுடுறேன். கண்ணெதிர்ல சாவ வுட்டுட்டு வர சொல்றியா?"

கூடையை ஓரமாக வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தேன்.

நரம்பு இறக்கைக்கு அடியில் தோலை அறுத்திருந்தது. மீனைக் கழற்றுவதுபோல அவர் ஓர் இழுப்பு இழுக்கப் பார்த்தார். கையில் ஒன்று போட்டேன். பிறகு அவர் துண்டால் தலையை மூடிப் பிடித்துக்கொள்ள, நான் கத்தரிக்கோலால் ஒவ்வொரு கண்ணியாக வெட்டினேன். எலும்பு உடையவில்லை, ரத்தமும் கொஞ்சம்தான். ஆனால் கழுத்தைத் தூக்கக்கூட அதற்குத் தெம்பில்லை. மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது என்று முடிவாயிற்று. அவர் படகை இழுத்துக் கட்டப் போனார். நான் கொழுந்தனைக் கூப்பிட்டு, "இத்த பத்திரமா பாத்துக்க, ஆட்டோ இட்டுனு வரேன்" என்று சொல்லிவிட்டு ரோட்டுக்கு ஓடினேன்.

ஆட்டோவோடு திரும்பினால் பறவையைக் காணோம். கொழுந்தன் நிம்மதியாக வலையை உதறிக்கொண்டிருந்தார்.

"எங்க அது?"

"பத்திரமா கீது அண்ணி. உப்புத் தண்ணி ஊத்தி அலசி, ஐஸ் பொட்டில வச்சி மூடிட்டேன்."

"ஐஸ் பொட்டிலயா?"

"வெயில் ஏறிக்கினு கீதே. கெட்டுப் பூடாது?"

இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா பேசுகிற பேச்சு இது. அவரை முழுதாகக் குற்றம் சொல்லவும் முடியாது. கடலிலிருந்து எது கரைக்கு வந்தாலும் முதலில் தண்ணீர், அப்புறம் ஐஸ். எங்கள் வீட்டுக் கைகளுக்குத் தெரிந்த ஒரே பத்திரம் அதுதான். இதெல்லாம் இப்போது தோன்றுவது. அப்போது வாயில் வந்ததை எழுதினால் குடும்ப மானம் போய்விடும்.

மூடியைத் திறந்தேன். உடைத்த ஐஸ்மேல் சொட்டச் சொட்ட நனைந்து, கண்மூடிக் கிடந்தது. தொட்டால் சில்லென்று இருந்தது. வலையிலிருந்து உயிரோடு எடுத்ததை நாங்களே கொன்றுவிட்டோம் என்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, சுள்ளென்று வெயில் அடித்த பக்கமாக மணலில் உட்கார்ந்தேன். தலை துவட்டுவதுபோல மெல்ல ஒற்றி ஒற்றி எடுத்தேன். வீட்டுக்காரரும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ஆட்டோக்காரர் மட்டும், "இன்னாமா, போலாமா வாணாமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

நெடுநேரம் கழித்துத் துண்டுக்குள் ஏதோ அசைந்தது. என்னவென்று விரலை விட்டுப் பார்த்தேன். கடித்தது பாருங்கள் ஒரு கடி! நான் அலறிய அலறலில் ஆட்டோக்காரர் இறங்கி ஓடி வந்தார். அடுத்து, விழுங்கியிருந்த பொடிமீனை எல்லாம் என் புடவையில் கக்கியது. திமிறி மணலில் இறங்கி, உதறி, இரண்டு எட்டு ஓடி, எழும்பிவிட்டது. கொஞ்சம் சாய்ந்து சாய்ந்துதான் பறந்தது. ஆனாலும் அனல்மின் நிலையப் புகைபோக்கிப் பக்கம் போகும்வரை கீழே விழவே இல்லை. நாத்தம் பிடித்த புடவையோடு நான் சிரித்துக்கொண்டே அழுதேன்.

"பாத்தியா அண்ணி, ஐஸ்ல வச்சதாலதான் கெடாம கீது" என்றார் கொழுந்தன். அடிக்கக்கூட மனசு வரவில்லை.

ஆட்டோக்காரருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டு, முந்தின நாள் மீதி இருந்த மீனோடு கடை போட்டேன். ஒவ்வொரு மீனுக்கும் ஐஸுக்குள் கையை விடவேண்டும். விடும்போதெல்லாம் கடிபட்ட விரல் சுரீர் என்று எரிந்தது. எரிய எரிய, அப்பாடா, உயிரோடு போய்விட்டது என்று இருந்தது.