சூடு இல்லை

கழிப்பறையில் நான் பார்த்த அந்த நிறத்தை இன்றும் மறக்க முடியவில்லை. கடுங்காப்பி நிறம். என் வீட்டுக்காரர் பூபாலன் தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டிருந்தார். நல்லவேளை, மறந்தார்.

"இன்னாய்யா இது, ரத்தமா?"

"சூடு புட்சிக்கினு கீது ரேகா. கால் கட்டைவெரலுக்கு வெளக்கெண்ண வச்சிட்டேன். ஒரு எளநி வாங்கினு வா, சரியாப் பூடும்."

கண் சிவந்தாலும் சூடு, வாய் வெந்தாலும் சூடு என்பவர்கள் நாங்கள். அவரோ திருவேற்காட்டிலிருந்து பூந்தமல்லிக்கு ஷேர் வேன் ஓட்டுகிறவர், நாளெல்லாம் இஞ்சின் அனலில் வேகிறவர். நானும் நம்பியிருப்பேன். ஆனால் சுவரைப் பிடித்துக்கொண்டு அவர் நின்ற நிலை என்னை நம்பவிடவில்லை. தொடை இரண்டும் வீங்கிப் பளபளத்தன.

கல்யாணத்துக்கு முன்பு ஜிம்மில் அவருக்குத் 'தொடை பூபாலன்' என்றே பெயர். அதில் மனிதருக்குக் கொள்ளைப் பெருமை. குழந்தை பிறந்ததிலிருந்து அந்தப் பக்கமே போகாதவர், அந்த வாரம் திடீரென்று கிளம்பினார். "அண்ணாத்தே, மொதல்ல வெறும் கம்பியோட ஒக்காந்து எந்திரி, வெயிட்டு அப்பால பாத்துக்கலாம்" என்று பயிற்சியாளர் ஜெகன் தலைபாடாக அடித்துக்கொண்டிருக்கிறான். கேட்டால்தானே! பழைய எடையையே தோளில் ஏற்றிக்கொண்டார். மறுநாள் கிளட்சை மிதிக்க முடியாமல் வண்டியைப் பாதியில் நிறுத்தினார்.

நான் இளநீர் வாங்கப் போகவில்லை. ஆட்டோ பிடித்தேன்.

ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனையைப் பார்த்த டாக்டரம்மா நிமிர்ந்தார். "தொடைச் சதை செதைஞ்சு ரத்தத்துல கலந்திருக்கு. அதுதான் சிறுநீர்ல வருது. இன்னும் தாமதிச்சிருந்தா கிட்னி போயிருக்கும்."

லாரி மோதவில்லை, யாரும் அடிக்கவில்லை, சதை எப்படிச் சிதையும்?

"ஒக்காந்து எந்திரிச்சதுக்கா டாக்டர்?" என்றார் இவர். ஆமாம் என்று தலையாட்டினார் டாக்டரம்மா.

குளுக்கோஸ் பாட்டில் மாற்றி மாற்றி ஏறியது. நான் பாட்டிலைப் பார்க்கவில்லை. படுக்கைக்குக் கீழே தொங்கிய மூத்திரப் பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கறுப்பு மெல்லப் பழுப்பாகி, மஞ்சளாகியது. கிட்னி தப்பித்தது.

சில மாதம் கழித்து இனி உடற்பயிற்சி செய்யலாம் என்று டாக்டரம்மா சொன்ன பிறகுதான் ஜெகன் வீட்டுக்கு வந்தான். எங்கள் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, "இதுல ஒக்காந்து எந்திரி அண்ணாத்தே. கொஞ்சம் போதும். வலிச்சா நிறுத்திடு" என்றான். தொடை பூபாலன் மறுபேச்சுப் பேசாமல் உட்கார்ந்து எழுந்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

மறுநாள் காலை கழிப்பறையிலிருந்து குரல் கேட்டது.

"ரேகா! சீக்கிரம் வா!"

கையிலிருந்த கரண்டியோடு ஓடினேன். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, தண்ணீர் ஊற்றாமல் எனக்காகக் காத்திருந்தார்.

"நீயே பாரு. வெள்ளையா கீது இல்ல?"

எட்டிப் பார்த்தேன். வெள்ளையாகத்தான் இருந்தது. கரண்டியாலேயே அவர் முதுகில் ஒன்று போட்டுவிட்டு, அங்கேயே நின்று அழுதேன்.