எழுதிக் கொடுக்காத சத்தியக்கடதாசி

என் தம்பி பாயிஸின் மனைவி றுமானாவைப் பற்றி யாராவது கேட்டால், "நல்ல புள்ளதான், ஆனா சோத்துக்கு உப்புப் போடவும் படிவம் நிரப்புவாள்" என்று நான் சிரிக்கச் சிரிக்கச் சொல்வதுண்டு. மருதமுனைக்காரி. ஆஸ்பத்திரியில் தாதி. அவள் வீட்டு பிரிஜ் கதவில் பிள்ளைகளின் தடுப்பூசித் திகதி முதல் காஸ் சிலிண்டர் மாற்றிய திகதி வரை எழுதி ஒட்டியிருக்கும். ஒருநாள் என் பிரஷர் குளிசை அட்டையைக் கையில் எடுத்தாள். "மதினி, ரெண்டு குளிசை கூட இரிக்கே?" என்றாள். மறந்துபோனேன் என்று சொல்லியிருக்கலாம். "டொக்டர்தான் குறைக்கச் சொன்னவரு" என்றேன். உடனே நம்பிவிட்டாள். மருந்தை எண்ணிப் பார்க்கிறவள், வீட்டு ஆட்கள் சொல்வதை எண்ணிப் பார்க்கமாட்டாள்.

நான் சுல்பிகா, சாய்ந்தமருது. வாய் நீளம் என்று ஊரில் என்னைச் சொல்வார்கள், அதில் பொய்யில்லை. உம்மா மௌத்தானபோது பாயிஸுக்கு ஒன்பது வயது, எனக்குப் பத்தொன்பது. அவனை வளர்த்தது நான், அவனுக்குப் பெண் பேசியதும் நான். அந்தப் பேச்சில் நான் சொன்னதுதான் பின்னால் றுமானாவின் காலைச் சுற்றியது.

2012இல் பாயிஸ் எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் நீர்கொழும்புப் பக்கம் போய் ஒரு மீன்பிடிப் படகில் ஏறிவிட்டான். அவுஸ்திரேலியாவுக்கு. இருபத்திரண்டு நாள் கடலில் கிடந்து, பிடிபட்டு, பதினாலு மாதம் முகாமில் இருந்தான். அகதி என்று கேட்டான், அவர்கள் ஏற்கவில்லை. விமானத்தில் ஏற்றித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஊருக்கு நாங்கள் சொன்னது ஒன்றே ஒன்று: கட்டார். வேலை ஒப்பந்தம் முடிந்து வந்துவிட்டான். "கட்டார்ல இருந்து வந்தவன் ஒரு பேரீச்சம்பழமும் கொண்டரல்லையா?" என்று பக்கத்து வீட்டு உம்மு கேட்டாள். அன்று பின்னேரமே கல்முனைக் கடையில் வாங்கி, பெட்டியை மாற்றி, நாலு வீட்டுக்குக் கொடுத்தேன். நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை.

2016இல் கலியாணப் பேச்சு. றுமானாவின் வாப்பா சீனிமுகம்மது கைத்தறிச் சாரம் விற்கிறவர், நிதானமான மனிதர். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவது. அவர் மகளுக்கு மாபிள் பதித்த வீடு கட்டி வைத்திருந்தார். மகளுக்கு அரசாங்க உத்தியோகம். என் தம்பிக்கு இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும் என்று எனக்கு வாயூறியது.

"கப்பல்ல போய்ப் புடிபட்டு வந்த பொடியன்மார் ரெண்டு பேருக்குக் கேட்டு வந்தாங்க. நான் குடுக்கல்ல" என்றார் அவர். "அவனுகள்ட பேரு எங்கயோ ஒரு கம்பியூட்டர்ல இரிக்கும். நாளைக்கு அது என்ட மகளுக்கும் வந்து விடியும். உங்கட தம்பி அந்த ரெண்டு வருஷம் எங்க நிண்டவரு?"

"கட்டார்ல மாமா. பெரிய ஸ்டோர் ஒண்டுக்குப் பொறுப்பா இருந்தவன்" என்றேன், நாக்கூசாமல்.

பாயிஸ் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். வெளியே வந்ததும், "ராத்தா, கலியாணம் முடிஞ்சதும் நானே அவளுக்குச் சொல்லுவன்" என்றான். சொல்லவில்லை. நானும் சொன்னாயா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவன் சொல்லியிருப்பான், என் பேச்சை அவன் தட்டியதில்லை.

பிறகு 2022 வந்தது, நாடே காசில்லாமல் முடங்கிய வருஷம். பாயிஸின் துணிக்கடை படுத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் மருந்தில்லை. றுமானாவோடு படித்த தாதிகள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருநாள் அவள் என் குசினியில் நின்று, "ஊசி போடக் கேட்டா சிரிஞ் இல்ல எண்டு சொல்றதுக்கா மதினி நான் படிச்ச? கனடாக்கு விண்ணப்பம் போடப்போறன். குடும்பத்தோட நிரந்தரமா" என்றாள். ஏஜென்சிக்காரர்களை அவள் நம்பவில்லை. ஆங்கிலப் பரீட்சையை மூன்று தரம் எழுதினாள். முதல் இரண்டு தரமும் கேட்ட புள்ளி வரவில்லை. சோறு ஆக்கும்போதும் காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு இங்கிலீஸ் கேட்பாள். "சோறு அடிப்புடிக்கிது புள்ள, அதையும் இங்கிலீஸ்லயா சொல்லோணும்?" என்று நான் கேலி செய்தேன்.

2024இல் ஒரு வெள்ளிக்கிழமை. ஆண்களெல்லாம் ஜும்ஆவுக்குப் போயிருந்தார்கள், நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். றுமானா கோல் எடுத்தாள்.

"மதினி, படிவத்தில ஒரு கேள்வி இரிக்கி. எனக்கோ அவருக்கோ எந்த நாடாவது அகதி இல்லையெண்டு மறுத்ததா, வெளியேத்தினதா, விசா முடிஞ்சும் நிண்டதா எண்டு. அவரக் கேட்டா, 'ராத்தாவக் கேளு, அவக்குத்தான் எல்லாம் ஞாபகம்' எண்டு போட்டுப் பள்ளிக்குப் போயிட்டாரு. கட்டார்ல ஓவர்ஸ்டே ஒண்டும் இல்லத்தானே?"

இந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். எட்டு வருஷத்துக்கு முந்திய பொய்யை ஒரு கலியாணப் பொய் என்று மன்னிக்கலாம். இது அப்படியில்லை. அவள் நேரே கேட்டாள், எனக்குப் பதில் தெரியும், வீட்டில் வேறு யாரும் இல்லை. பாயிஸ் வீட்டில் சண்டை வந்துவிடும், சீனிமுகம்மது மாமா என்னை என்ன நினைப்பார் என்பதுதான் என் மண்டைக்குள் ஓடியது.

"அப்பிடி ஒண்டும் இல்ல புள்ள. அவன் சுத்தமாத்தான் வந்தவன்."

"அப்ப 'இல்ல' எண்டு போடுறன்."

"போடு."

இரண்டு மாதம் கழித்து அவர்களைக் கொழும்புக்குக் கைரேகை வைக்கக் கூப்பிட்டார்கள். போய் வந்த அன்றே பாயிஸ் எனக்கு கோல் எடுத்தான். குரல் செத்துப்போயிருந்தது.

"ராத்தா, பத்து விரலையும் வெச்சிட்டு வந்திரிக்கன்."

"அதுக்கென்னடா?"

"அவுஸ்திரேலியாவிலயும் பத்து விரலையும் வெச்சனான்."

அப்போதும் நேரம் இருந்தது. நாங்களாகவே எழுதித் திருத்தியிருக்கலாம் என்று பிறகு சட்டத்தரணி சொன்னார். நான் தம்பிக்குச் சொன்னது, "அல்லாஹ் பாத்துக்குவான், நீ வாயப் பொத்திக்கொண்டு இரி" என்பதுதான். அல்லாஹ்வின் பெயரைச் சொல்லி என் பயத்தை மூடினேன். அஸ்தக்ஃபிருல்லாஹ்.

கடிதம் நாலு மாதத்தில் வந்தது. றுமானா சீருடையோடே ஸ்கூட்டியில் நேரே என் வீட்டுக்கு வந்தாள். கதிரையில் உட்காரவில்லை. அச்செடுத்த தாளைப் பார்த்துத் தமிழில் சொன்னாள். கணவரின் கைரேகை, 2012இல் அவுஸ்திரேலியாவில் அகதி கோரி, பின்பு மறுக்கப்பட்டு அனுப்பப்பட்ட ஒருவரின் ரேகையோடு பொருந்துகிறது. நீங்கள் 'இல்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். முப்பது நாளுக்குள் விளக்கம் தாருங்கள். இல்லாவிட்டால் பொய்த் தகவல் தந்ததாகக் கொள்வோம்.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. கோபம் எனக்குச் சுலபம். "ஊரான்ட விரலப் புடிச்சுப் பாத்துக்கொண்டு இரிக்கிறானுகளே, வேற வேல வெட்டி இல்லையா அவனுகளுக்கு? இந்தப் பாயிஸ், இவன எல்லாம் ஆம்புள எண்டு..." என்று கத்தினேன். அவள் நான் ஓயும்வரை நின்றாள்.

"அவரு அழுதழுது எல்லாம் சொல்லிட்டாரு. நீங்க எனக்கு ஒண்டு மட்டும் சொல்லுங்க மதினி. அண்டைக்கு நான் போன்ல கேக்கக்குள்ள உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றேன்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வார்ட்ல மருந்து மாறிக் குடுத்தா, உடனே எழுதி வெச்சு டொக்டருக்குச் சொல்லுவம். ஏச்சு விழும்தான். ஆனா ஆளக் காப்பாத்தலாம். மறைச்சா என்ன செய்ற?" என்று கேட்டாள். பிறகு போய்விட்டாள்.

கல்முனையில் சட்டத்தரணி நளீரிடம் மூன்று பேரும் போனோம். அவர் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். "படகில போனது பன்னெண்டு வருஷப் பழசு. முதல்லயே உள்ளதைச் சொல்லியிருந்தா விளக்கம் குடுத்துப் பாத்திருக்கலாம். இப்ப பிரச்சின அந்த 'இல்லை'தான்" என்றார். றுமானாவுக்கு உண்மையிலேயே தெரியாது என்று காட்ட வேண்டும். கணவன் சொல்வதை மட்டும் பெரிதாக எடுக்கமாட்டார்கள். யார் அவளுக்குக் கட்டார் என்று சொன்னாரோ, அவர் ஒரு சத்தியக்கடதாசி கொடுத்தால் ஒரு வழி இருக்கிறது. "ஆரு சொன்ன?" என்று கேட்டார். பாயிஸும் றுமானாவும் என்னைப் பார்த்தார்கள். பிறகு நான் கையை உயர்த்தினேன், பள்ளிக்கூடப் பிள்ளையைப் போல.

"தாறன்" என்று அங்கே ஒத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் பயம் பிடித்தது. என் மகள் அப்னாவுக்கு நிந்தவூரில் ஒரு பள்ளிக்கூட அதிபரின் குடும்பத்தோடு பேச்சு நடந்துகொண்டிருந்தது. கலியாணப் பேச்சில் பொய் சொன்னவள் நான் என்று முத்திரை குத்திய கடதாசி ஒன்று ஊரில் இருந்தால், என் மகளுக்கு நான் பேசும் பேச்சை யார் நம்புவார்? அதில் முத்திரை குத்தும் எங்கள் ஊர்ச் சமாதான நீதவானிடம் போனால் மை காயுமுன் கதை பரவிவிடும் என்று சாட்டுச் சொன்னேன். நளீர், "அக்கரைப்பற்றில ஆள் இரிக்காரு, அங்க போவம்" என்றார். அப்போது பிரஷர் கூடிவிட்டது என்றேன். பிறகு என் கணவர் றவூப் ஒலுவிலுக்கு மீன் எடுக்கப் போயிருக்கிறார், வரட்டும் என்றேன். இப்படியே மூன்று கிழமை போனது.

கடைசியில் நானே ஒரு கடதாசி தட்டச்சடித்து நளீரின் அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். தம்பி எங்களுக்கும் கட்டார் என்றுதான் சொன்னான், நாங்களும் நம்பினோம் என்று அதில் இருந்தது. பழி முழுக்கப் பாயிஸ் தலையில். பாவம், அவனும் சரி என்று தலையாட்டியிருந்தான்.

றுமானா வாசலில் நின்றே வாசித்தாள். "மதினி, இதுவும் பொய்."

"உனக்கு உதவும்தானே புள்ள?"

"ஒரு பொய்யால வந்ததுக்கு, இன்னொரு பொய்யச் சத்தியம் பண்ணி அனுப்பவா? உள்ளதை எழுதித் தாங்க. ஊர்ல ஆரும் கதைச்சா உங்களுக்குப் பக்கத்தில நான் நிண்டு கதைக்கிறன். நிந்தவூராக்களுக்கும் நானே சொல்லுறன், என்ட மதினி கடைசியில உண்மையச் சொன்னவ எண்டு."

"வாற ஞாயிறு அவங்க அப்னாவப் பாக்க வாறாங்க. அது மட்டும் முடியட்டும். திங்கள் காலையில முதல் வேல இதுதான்."

"ஞாயிறோட முப்பது நாள் முடியிது" என்றாள்.

நான் நிலத்தைப் பார்த்தேன். அவள் கடதாசியை மடித்து என் கையில் தந்தாள், அதன்பிறகு கேட்கவில்லை. கேட்காமல் விட்டாளே என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. நான் செய்ததிலெல்லாம் கேவலம் அந்த நிம்மதிதான்.

தன் கடிதத்தையும் பாயிஸின் கடிதத்தையும் மட்டும் அவள் அனுப்பினாள். ஞாயிற்றுக்கிழமை அழகான சாரி உடுத்து வந்து, நிந்தவூராட்களுக்குத் தேத்தண்ணித் தட்டைத் தூக்கிக் கொடுத்தாள். "இவ ஆரு?" என்று அதிபரின் மனைவி கேட்டார். "என்ட தம்பிர பொஞ்சாதி. நேர்ஸ்" என்று பெருமையாகச் சொன்னேன். அப்னாவின் விஷயம் சரிவந்தது.

றுமானாவுக்குப் பதில் வர மேலும் இரண்டு மாதமானது. பாயிஸ்தான் எனக்குச் சொன்னான், மறுத்துவிட்டார்கள் என்று. நான் ஓட்டோ பிடித்து மருதமுனைக்குப் போனேன். அவள் பிள்ளைகளின் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு வாசிச்சுச் சொல்லு" என்றேன்.

"வேணாம் மதினி."

"சொல்லு புள்ள. எனக்குத் தெரியோணும்."

போனை எடுத்துத் தமிழ்ப்படுத்தி வாசித்தாள். ஐந்து வருஷத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. காரணம் என்று இரண்டு பந்தி இருந்தது. ஒரு வரியில் அவள் குரல் கொஞ்சம் தாழ்ந்தது. விண்ணப்பதாரிக்கு இது தெரியாதிருந்தது என்பதற்கு, அவருடையதும் அவரது கணவருடையதும் தவிர, வேறு எவருடைய கூற்றும் சமர்ப்பிக்கப்படவில்லை.

வேறு எவருடைய. அது நான்தான். என் பெயர் இருந்திருக்க வேண்டிய இடம் அது.

"அஞ்சு வருஷத்தில எனக்கு நாப்பத்திரண்டு. வயசுக்குப் புள்ளி ஒவ்வொரு வருஷமும் குறையும். பிறகு போட்டும் பிரயோசனமில்ல" என்று சொல்லிவிட்டு, மகனின் பள்ளிக்கூடச் சட்டையை மடித்தாள்.

எனக்கு அழுகை வெடித்தது. "இப்ப எழுதித் தாறன் புள்ள. வா, இப்பவே அக்கரைப்பற்றுக்குப் போவம். சபையில வெச்சுச் சொல்லச் சொன்னாலும் சொல்லுறன். நான்தான் பொய் சொன்ன, உனக்கு ஒண்டும் தெரியா எண்டு எழுதி, என்ட பத்து விரலையும் வெச்சித் தாறன்."

அவள் சட்டையை மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் எனக்கு வசதி, நானும் இரண்டு சொல் ஏசியிருப்பேன், அழுது சமாதானமாகியிருப்போம். அவள் ஏசவில்லை.

"இனி எழுதி ஆருக்குக் குடுக்கிற மதினி?" என்று கேட்டாள்.

கேட்டுவிட்டு, நான் ஒரு பெயரைச் சொல்வேன் என்பதுபோலக் காத்திருந்தாள். எனக்குச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை.