ஆயிரத்து ஐந்நூற்று நாற்பது லிட்டர்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் போய்ப் படித்த முதல் ஆள் நான். அப்பாவுக்கு மாநகராட்சியில் தெருக்கூட்டும் வேலை. அம்மா மூன்று வீடுகளில் பாத்திரம் துலக்கினாள். எந்தப் படிவம் வந்தாலும் இருவரும் அதை என்னிடம்தான் நீட்டுவார்கள். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்து, வகுப்பில் கணக்கில் முதலாவதாக நிற்பவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருக்கத்தான் செய்யும். எனக்குக் கொஞ்சத்துக்கு மேலேயே இருந்தது. இன்றும் பெரிதாகக் குறைந்துவிடவில்லை.

பெங்களூரு ஸ்ரீராம்புரத்தில் நாங்கள் படித்தது கன்னட வழிப் பள்ளி. கேள்வித்தாள் கன்னடத்தில் வரும். எண்களை ஆங்கிலத்தில் சொல்வோம். சண்டையைத் தமிழில் போடுவோம். சண்டைக்கென்றே ஓர் இடமும் இருந்தது: தேர்வு மையத்துக்கு எதிரே இருந்த பேக்கரி வாசல். கேள்வித்தாளின் ஓரத்தில் பென்சிலால் அவரவர் விடையைக் குறித்துக்கொண்டு வர வேண்டும். எல்லோரும் தங்கள் விடையைச் சொல்லி முடித்த பிறகு கடைசியாக நான் சொல்வேன். நான் சொன்னால் முடிந்தது. விடைத்தாள் திருத்தும் வாத்தியார் வேறு மாதிரி நினைத்தால் அது அவருடைய பிரச்சினை.

இந்தப் பதவியை நான் யோக்கியமாக வகித்தேன் என்று சொல்ல மாட்டேன். யாராவது ஒரு விடையைச் சொன்னதும் இடது புருவத்தை மட்டும் தூக்கி, "அப்படியா?" என்று கேட்பேன். அவ்வளவுதான், எதிரில் இருப்பவர் முகத்திலிருந்து ரத்தம் இறங்கிவிடும். சரியான விடைக்கும் அதையே கேட்பேன். கண்ணாடி முன்னால் நின்று பழகிய புருவம் அது, வீணாகக் கூடாதல்லவா.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கணக்கு முடிந்த மதியமும் அப்படித்தான் கூடினோம். பன்னிரண்டு பேர் இருப்போம். எப்போதும்போல எங்கள் வகுப்பு நெட்டையன் என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டான். அவனுக்கென்று தனி விடை எதுவும் கிடையாது. நான் எதைச் சொன்னாலும், "நானும் அதே" என்பான்.

டிரம் கணக்கு வந்தது. உருளை வடிவ டிரம், குறுக்களவு எழுபது சென்டிமீட்டர், உயரம் நூறு. எத்தனை லிட்டர் தண்ணீர் பிடிக்கும்? மூன்று மதிப்பெண்.

"முந்நூத்தி எண்பத்தஞ்சு" என்றாள் என் பெஞ்சுத் தோழி.

அவள் எங்கள் பக்கத்துச் சந்து. கணக்கில் கடைசி வரிசை. அவளுக்கும் அவள் அப்பாவுக்கும் ஓர் ஒப்பந்தம் இருந்தது: எல்லாப் பாடத்திலும் தேறினால் கல்லூரி, ஒன்றில் விழுந்தாலும் மறுநாளே அத்தையோடு கார்மென்ட்ஸ் வேலை. கணக்கைத் தவிர எதிலும் அவள் விழ வழியில்லை.

நான் வழக்கம்போலக் கடைசியில் வாயைத் திறந்தேன். "ஆயிரத்து ஐந்நூத்தி நாப்பது."

"நானும் அதே" என்றான் நெட்டையன்.

முந்நூற்று எண்பத்தைந்து போட்டிருந்த நாலைந்து பேர் கேள்வித்தாளை மடித்துப் பைக்குள் திணித்தார்கள். என் தோழி மட்டும் மடிக்கவில்லை.

"எனுக்கும் அது வந்துச்சுடி. எழுபதைப் பாதி பண்ணணுமா வேணாமான்னு மறந்துபோச்சு. ரெண்டு மாதிரியும் போட்டுப் பார்த்தேன். ஒண்ணு முந்நூத்தி எண்பத்தஞ்சு, இன்னொண்ணு நீ சொன்னது. எங்க வீட்டு டிரம்ல பதினஞ்சு குடம் பிடிக்கும். பரீட்சை டிரம் அதைவிடப் பெருசு, ஒரு முப்பது குடம்னு வெச்சுக்கோ. ஆயிரத்து ஐந்நூறு லிட்டர் எப்படி மே நிக்கும் அதுல?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் கேள்வித்தாளை ஓரக்கண்ணால் பார்த்தேன். எழுபது என்பது விட்டம். நான் அதைப் பாதியாக்காமல் அப்படியே ஆரமாக வைத்துப் பெருக்கியிருந்தேன். ஆறாம் வகுப்புப் பிள்ளைகூடச் செய்யாத தப்பு.

மற்ற பதினொரு பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் புருவத்தைத் தூக்கினேன்.

"அப்படியா? குடத்துக்கெல்லாம் மார்க் போடுவாங்களா இன்னா?"

"விடு மகா, அவ டேங்கர்ல வேலைக்குப் போகட்டும்" என்றான் நெட்டையன். மறுபடியும் சிரிப்பு. அவன் எனக்காகத் தேங்காய்ப் பூரணம் வைத்த தில்பசந்த் ஒன்று வாங்கி வந்தான். அதையும் தின்றேன்.

வீட்டுக்கு நானும் அவளும் சேர்ந்துதான் நடந்தோம். வழி முழுக்க அவள் விரல் விட்டு மதிப்பெண் கூட்டிக்கொண்டே வந்தாள். டிரம்மோடு கூட்டினால் தேறினாள், டிரம்மை விட்டால் ஒரு மதிப்பெண் குறைந்தது. மூன்று தடவை கூட்டினாள். எங்கள் சந்து முனையில் நின்று, விரல்களை மடக்கிக்கொண்டாள்.

"சரி. நாளை மறுநாள் சயின்ஸுக்கு நான் வரலை. எழுதி இன்னா பண்றது? அத்தைகிட்ட இன்னிக்கே சொல்லிர்றேன்."

அழுதிருந்தால் அங்கேயே உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். அவள் அழவில்லை. கடைக்குப் போகிறேன் என்று சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

வீட்டில் அம்மா எனக்காக முட்டைக் குழம்பு வைத்திருந்தாள். "எல்லாம் சரியா எழுதிட்டியா?" என்றாள். "எல்லாம்" என்றேன். மூலையில் எங்கள் நீல டிரம் நின்றது. அதற்குப் புருவம் கிடையாது, இருந்தாலும் என்னையே பார்ப்பதுபோல இருந்தது.

நாலு மணிக்குத் தெருக்குழாயில் தண்ணீர் வந்தது. அவள் குடத்தோடு வரிசையில் நின்றாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"உன் விடைதான்டி சரி."

"எந்த விடை?"

"டிரம். பாதி பண்ணணும். நான் பண்ணலை."

அவள் குடத்தைக் கீழே வைத்தாள். "எப்போ தெரிஞ்சுது?"

பொய் சொல்ல ஒரு நொடி இருந்தது. "பேக்கரியிலயே."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு இடது புருவத்தை மட்டும் தூக்கினாள். என்னைவிட அழகாகத் தூக்கினாள்.

"அப்படியா?"

வரிசையில் இருந்த அக்காமார் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குடத்தை என் கையில் கொடுத்தாள். "எனுக்கு எப்படித் தெரியும் நீ இப்போ சும்மா ஆறுதலுக்குச் சொல்லலேன்னு? எங்க வீட்டு டிரம்மை ரொப்பிக் காட்டு. எண்ணிக்கிட்டே ரொப்பு."

ரொப்பினேன். குழாய்க்கும் அவள் வீட்டுக்கும் நடுவே பத்து வீடு. அவள் வாசற்படியில் உட்கார்ந்து, கால் மேல் கால் போட்டு எண்ணினாள். எட்டாவது குடத்தில் என் தேர்வுச் சீருடை முழுக்க நனைந்துவிட்டது. பன்னிரண்டாவதில் அவள் அம்மா வந்து பார்த்து, "யாக்கம்மா, உங்க வீட்ல தண்ணி வரலையா?" என்று பாதிக் கன்னடத்தில் ஏனென்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். பதினைந்தாவது குடத்தில் டிரம் வழிந்தது.

"போதுமாடி?"

"உன் கணக்குப்படி இன்னும் நூறு குடம் பாக்கி" என்றாள் அவள். "நீ இன்னும் ஒண்ணு பண்ணணும். பேக்கரி வாசல்ல எல்லார் முன்னாடியும் சொல்லணும். அப்பதான் நான் சயின்ஸ் எழுதுவேன்."

"அது மட்டும் வேணாம் மே. இன்னும் நூறு குடம்கூடத் தூக்குறேன்."

"அத்தை ஆறு மணிக்கு வர்றாங்க" என்றாள்.

சயின்ஸ் தேர்வன்று காலையில், தேர்வு மையத்தின் கதவு திறப்பதற்கு முன்பே எல்லோரையும் பேக்கரி வாசலில் கூட்டிச் சொன்னேன். ஆயிரத்து ஐந்நூற்று நாற்பது தப்பு, முந்நூற்று எண்பத்தைந்து சரி, தப்பு என்னுடையது. அந்த நாலைந்து பேர் என்னைச் சும்மா விடவில்லை. ஒருத்தி, ரெண்டு ராத்திரி தூங்கவில்லை என்று சொல்லி என் பின்னலைப் பிடித்து இழுத்தாள். வலித்தது. நியாயம்தான்.

நெட்டையன் தன் கேள்வித்தாளை எடுத்துக் காட்டினான். ஓரத்தில் பென்சிலில் 385 என்று இருந்தது. "நானும் அதே" என்றான்.

என் தோழி ஹால் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் உள்ளே போனாள். கணக்கில் அவள் தேறினாள், எல்லைக்கு மேல் சரியாக இரண்டு மதிப்பெண்ணில். நான் அதிலும் வகுப்பில் முதலாவதுதான். அதை இங்கே எழுதாமல் விட எனக்கு மனம் வரவில்லை.