சொரூபத்துக் குதிரை போல் ஒரு படம்

மகளைக் குதிரைப் பயிற்சிக்குக் கூட்டிப்போய், உப்பளத்தை ஒட்டிய மணல் திடலில் வெயிலில் காத்திருந்தே ஓய்ந்துபோனேன். பொழுது போக அவளைப் படம் எடுப்பேன்.

ஒரு படத்தில் குதிரை தாடையை நெஞ்சோடு மடக்கி, எங்கள் சர்ச்சில் குதிரைமேல் இருக்கும் புனித சந்தியாகப்பர் சொரூபத்துக் குதிரை மாதிரியே இருந்தது. உறவினர் வாட்ஸ்அப் குழுவில் ஒரே பாராட்டு. குதிரை மூக்கை நீட்டியிருந்த மற்ற படங்களை அழித்துவிட்டேன். மறுநாளிலிருந்து வேலியோரம் நின்று, "ஏளா, கடிவாளத்த இழுத்துப் புடி, தல நல்லா மடங்கட்டும்!" என்று கத்தினேன்.

"அது முரண்டு பிடிக்குதும்மா" என்றாள். நான் விடவில்லை. மூன்றாம் நாள் குதிரை முன்னங்கால்களைத் தூக்கியது; மகள் மணலில் விழுந்தாள். நல்லவேளை, மணிக்கட்டு பிசகியதோடு போயிற்று.

பயிற்சியாளரிடம் அந்தப் படத்தைக் காட்டி, "தல இப்படித்தான மடங்கணும்?" என்று கேட்டேன். அவர் பெரிதாக்கிப் பார்த்தார்.

"வாயப் பாருங்கக்கா, கடிவாளம் இழுத்த வலில தொறந்திருக்கு. அது முரண்டுன அந்த ஒரு நொடியப் புடிச்சிருக்கீங்க. மூக்கு கொஞ்சம் முன்னாலதான் இருக்கணும். அப்படி எடுத்த படம் இருக்கா?"

அவற்றைத்தான் அழித்திருந்தேன்.

இப்போது போன் பைக்குள்ளேயே கிடக்கிறது. குதிரையின் வாயைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன். குழுவில் யாராவது பழைய படத்தைப் புகழ்ந்தால், வாயைப் பெரிதாக்கிப் பாருங்கள் என்று எழுதுகிறேன்.