பல்லுக்கு வாரோம்

அந்தச் சிறிய வட்டக் கண்ணாடி என் பற்களின் உட்பக்கத்தில் சில்லென்று நகர்ந்தது, பிறகு நின்றது. பல் டாக்டரம்மா என் வலது கையை எடுத்து, விரல் முட்டியில் பல் பட்டுப் பட்டுக் காய்த்திருந்த தழும்பை மெல்லத் தடவினார்.

கல்லூரி முடித்திருந்த நேரம். பெண் பார்க்க வரப்போகிறார்கள், பல் இப்படிக் கூசுகிறதே, மங்கிக் கிடக்கிறதே என்று அம்மா என்னைச் சோமனூரிலிருந்து கோயமுத்தூருக்கு அழைத்து வந்திருந்தாள். எங்கள் வீட்டை ஒட்டியே அப்பாவின் தறிக்கூடம். உடம்பு பெருத்துவிடும் என்ற பயத்தில் தின்றதையெல்லாம் குளியலறையில் நான் வாந்தியெடுத்த சத்தம் ஒருநாளும் தறிச் சத்தத்தைத் தாண்டி யார் காதுக்கும் போனதில்லை. சாப்பிடாத நாளுக்கு விரதம் என்று பெயர் வைத்துக்கொண்டேன். செவ்வாய், வெள்ளி, சனி என்று அது வளர வளர அம்மாவுக்குப் பெருமை; வருகிற சொந்தத்திடமெல்லாம் சொல்லிப் பூரித்தாள். பக்தியுள்ள பெண்ணை யார் சந்தேகப்படுவார்கள்?

அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு டாக்டரம்மா கேட்டார்: “சாப்புட்டத வாந்தியெடுத்துப் போடறயா கண்ணு?” எந்தப் பல் கூசுகிறது என்று கேட்டாரே, அதே குரல். அழுதுவிட்டேன். இது திமிர் இல்லை, நோய், பல்லை அரித்ததும் அதுதான், வைத்தியம் இருக்கிறது என்றார். அம்மாவிடம் சொல்லட்டுமா என்று என்னைக் கேட்டுவிட்டுத்தான் அவளை உள்ளே அழைத்தார்.

மனநல மருத்துவர் என்றதுமே அம்மா எழுந்துவிட்டாள். “ஏனுங்க, வெளிய தெரிஞ்சா இவள ஆருங்க கட்டுவாங்க?”

“புள்ள இருந்தாத்தானுங்க கல்யாணம். இப்படியே உட்டா இருதயமே நின்னு போயிருமுங்க.”

அம்மா உட்கார்ந்தாள். டாக்டரம்மா குரலைத் தணித்துக்கொண்டார். “ஆராச்சும் கேட்டா, பல்லுக்கு வாரோம்னு சொல்லிப்போடுங்க.”

மனநல மருத்துவரிடம் போன முதல் தடவை தன் கிளினிக்கைப் பூட்டிவிட்டு அவரே எங்களோடு வந்தார். அந்த வரன் போனது. நான் தேறினேன், மறுபடி விழுந்தேன், மறுபடி தேறினேன். ஊரே என் பல்லுக்காக இரக்கப்பட்டது. நோயைக் கண்டுபிடிப்பது படிப்பு. கண்டுபிடித்ததைக் கையில் வைத்துக்கொண்டு, ஒருத்தியைக் கூசவைக்காமல் அவள் பக்கத்தில் நிற்பதற்கு என்ன பெயர்? பின்னாளில் கதைகள் எத்தனையோ எழுதிவிட்டேன், அந்தச் சொல் மட்டும் இன்னும் அகப்படவில்லை.

போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் அத்தை கேட்டார், “அப்ப பல்லுக்குன்னு அத்தன அலைஞ்சீங்களே கண்ணு, நல்லாயிருச்சா?”

“நல்லாயிருச்சுங்கத்தை.”

சாதம் வந்தது. முன்போல் வேண்டாமென்று இலையை மறைக்க என் கை போகவில்லை.