முழுசாகச் சொல்லித் தொலையுங்கள்

ஜெர்மனியில் யாரையும் தெரியாத்தனமாக ‘எப்படி இருக்கீங்க?’ என்று கேட்டுவிடாதீர்கள். உண்மையிலேயே சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். முதுகு எப்போது பிடித்தது, எந்த டாக்டர், என்ன மாத்திரை, எல்லாம் வரிசையாக வரும். ஆந்திர எல்லையில் நகரி என்ற ஊர்க்காரனான எனக்கு ‘நல்லாகீறேன்’ என்ற ஒரே பதிலைக் கேட்டுத்தான் பழக்கம்.

என் வேலை, புரோகிராமில் தப்பு கண்டுபிடிக்க உதவும் டீபக்கரைச் சோதிப்பது. ஒரு புரோகிராம் ஓடும்போதே செத்து விழுந்தால், எந்தப் பகுதி எதைக் கூப்பிட்டு அந்த இடத்துக்கு வந்தது என்று டீபக்கர் பெயர் பெயராகச் சொல்ல வேண்டும். முன்பு அந்தப் பெயர்களை ஒவ்வொரு புரோகிராமும் தன்னிடமே வைத்திருந்தது. இடத்தை மிச்சம் பிடிக்க, இப்போது பலவற்றுக்கும் பொதுவாக ஒரே ஃபைலில் போட்டுவிட்டார்கள். அப்படியும் பட்டியல் முழுசாக வருகிறதா என்று பார்க்கச் சொன்னார்கள். முதல் வரி வந்தது, கடைசி வரி வந்தது, நடுவில் மூன்று வரிகளில் வெறும் கேள்விக்குறி. விழுந்த இடம்தான் தெரிகிறதே என்று ‘பாஸ்’ போட்டேன். பக்கத்து மேஜை மார்ட்டின் திருப்பி அனுப்பிவிட்டான்.

“நடுவில் யார்?”

“பொது ஃபைலில் இருக்கும். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாமே” என்றேன். எதை, எவ்வளவு அட்ஜஸ்ட் செய்ய வேண்டும் என்று குறித்துக்கொள்ள அவன் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டான். நான் தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

அதே வாரம் ஊரிலிருந்து தம்பி கூப்பிட்டான். “ண்ணா, நைனா கீய உயுந்துட்டாரு. புத்தூர் வைத்தியராண்ட கால்ல கட்டு போட்டாச்சு. இப்ப நல்லாகீறாரு.” அப்பா எப்படி விழுந்தார் என்று கேட்டால், “அக்காவாண்ட கேளு.” சித்தூரில் இருக்கும் அக்காவோ, “ஏன், தம்பி சொல்லலியா?” என்றாள். எங்கள் வீட்டில் எப்போதும் இதே கதைதான். வெளிநாட்டில் இருப்பவனுக்கு ஆரம்பமும் முடிவும் மட்டும். நடுவில் நடந்தது இன்னொருவரிடம் பத்திரமாக இருக்கும். எனக்கு வந்ததே கோபம்!

“நடுவுல இன்னா நடந்துச்சு? சொல்லப் போறியா இல்லியா?”

அக்கா அழுதுவிட்டாள். “நீ போன் பண்ணியேடா, நம்ம வூட்டு தறி சத்தத்துல கேக்கலன்னு மாடிக்கு ஓடிக்கினு இருந்தாரு. படியெல்லாம் மயத்தண்ணி, வழுக்கிடுச்சு. தெரிஞ்சா நீ போன் பண்றதயே நிறுத்திடுவியாம். அவருதான் சொல்லாதீங்கன்னாரு.”

அன்று பாதியில் கட்டான போனை சிக்னல் கோளாறு என்று விட்டவன் நான். காலைக் காபி குடித்துவிட்டு நிதானமாக நான் கூப்பிடும் நேரம், அங்கே தறி ஓடும் நடுமத்தியானம். ஒரு நாளாவது அதை யோசித்தேனா? வெட்கமாக இருந்தது. ஆபீஸில் அந்த டெஸ்ட்டை ‘ஃபெயில்’ என்று மாற்றினேன்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிட்டேன். நைனா கட்டுப்போட்ட காலோடு கட்டிலில் இருந்தார். பக்கத்து வீட்டிலும் தறி ஓடியது.

“இன்னாடா? ஒண்ணும் கேக்கல!”

“கீயவே இரு நைனா! ஏந்திரிக்காதே!” என்று கத்தினேன்.

ஞாயிற்றுக்கிழமை சத்தம் போடக்கூடாதாம் இங்கே. மேல்வீட்டு அம்மாள் தரையைத் தட்டினாள். நான் குரலைத் தாழ்த்தினேன்.

“கொஞ்சம் இருடா, மாடிக்குப் போய்டறேன்” என்றார் நைனா.