ராய்ஸ் வண்டியின் உறுமல்

நெப்ராஸ்காவில் எங்கள் பக்கத்துப் பண்ணை ராய்ஸுடையது. அவனைக் கண்டாலே என் கணவர் டெல்பர்ட்டுக்கு வயிறு எரியும். வைக்கோல் டிரெய்லரை இழுத்துக்கொண்டு அவன் பிக்கப் வண்டி உறுமினால் எங்கள் சமையலறை அதிரும்.

"நம்ம வண்டி இருமுது, அவன் வண்டி உறுமுது!" என்று புலம்பிய டெல்பர்ட், ஒருநாள் எங்கள் வண்டிக்குச் சைலன்சர் மாற்றக் கிளம்பிவிட்டார்.

கடைக்காரர் சத்தம் குறைந்த ஒன்றைக் காட்டினார். "பாரம் இழுக்க இதுதாங்க நல்லது. தலைவலி வராது."

"ராய்ஸுக்குப் போட்டதையே போடு," என்றார் டெல்பர்ட்.

மறுநாள் காலை வைக்கோலோடு உறுமிக்கொண்டே மேய்ச்சல் நிலத்துக்குப் போனோம். வண்டிச் சத்தம் கேட்டதும் ஓடிவரும் எங்கள் மாடுகளில் ஒன்றுகூடத் தலை நிமிரவில்லை. வேலிக்கு அப்பால் ராய்ஸின் அறுபது மாடுகளும் கத்திக்கொண்டே ஓடிவந்து நின்றன.

டெல்பர்ட் அவற்றையே வெறித்துப் பார்த்தார்.

"அவன் மாடெல்லாம் எப்படிக் கொழுத்திருக்கு, பாத்தியா?"